சுழலும் உரிமம்: ஒரு மென்பொருளைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறை



மொழி மன்றத்தின் மேடையில் இலக்கியம் பேசப்படுவது இயல்பு. இலக்கணம் பேசப்படுவதும் இயல்பு. இன்றோ, வடிவமைப்பு மென்பொருள்களுக்கான உரிமங்களை ஓர் அலுவலகத்தில் உள்ள பலர் வலையமைப்பின் வழியே எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இப்பொருளுக்கும் மொழிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு இரண்டு வகையில் உண்டு.

முதலாவது, சட்டம் காட்டும் தொடர்பு. கணினி நிரலை நம் நாட்டுச் சட்டங்கள் எந்த வகையில் சேர்த்திருக்கின்றன தெரியுமா? இலக்கியப் படைப்பு என்னும் வகையில். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அவ்வாறே கொள்கின்றன. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாட்டின் பத்தாவது விதியும் அதையே சொல்கிறது. கவிதைக்கும் கதைக்கும் கிடைக்கும் அதே காப்பு நிரலுக்கும் கிடைக்கிறது. ஆகவே, நிரலைப் பற்றிப் பேசும்போது நான் உங்கள் எல்லைக்கு வெளியே முற்றிலும் சென்றுவிடவில்லை.

இரண்டாவது, நம் மாணவர்கள் காட்டும் தொடர்பு. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து தொழிற்பயிற்சிக்காக ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்திற்குச் செல்லும் மாணவர், முதல் வாரத்திலேயே கணினித் திரையில் ஒரு மறுப்புச் செய்தியைக் காணக்கூடும். ‘உரிமம் எதுவும் காலியாக இல்லை’ என்பது அதன் பொருள். அந்த மறுப்பு ஏன் வந்தது, யாரிடம் கேட்பது, கேட்பது முறையா என்பவை அவருக்குத் தெரியாது. கணினி பழுதென்று நினைப்பார். அல்லது தம் தகுதிக் குறைவென்று நினைப்பார். இரண்டும் இல்லை. அது ஒரு பகிர்வின் விளைவு.

இவ்வுரையில் நான் நிறுவ விரும்புவது ஒன்றே. பகிர்தலுக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, எண்ணிக்கையும் வேண்டும். எண்ணிப் பார்க்காத பகிர்வில் இழப்பு மறைந்துவிடுவதில்லை. அது கடைசியில் வருபவர் தலையில் விழுகிறது. அலுவலகத்தில் கடைசியில் வருபவர் பெரும்பாலும் இளையவர்.

உரிமையும் உரிமமும்

முதலில் இரு சொற்களைப் பிரித்தறிவோம். உரிமை என்பது ஒருவருக்கு உள்ளது. உரிமம் என்பது, உரிமை உடையவர் மற்றவருக்கு வரையறையோடு தரும் இசைவு. நிரலை உருவாக்கிய நிறுவனத்திற்கு இருப்பது உரிமை. பணம் கொடுத்தவருக்குக் கிடைப்பது உரிமம்.

ஒரு நூலை விலைக்கு வாங்கினால், அந்தப் படி உங்களுடையது. நண்பருக்கு இரவல் தரலாம். பழைய புத்தகக் கடையில் விற்றுவிடலாம். வடிவமைப்பு மென்பொருளில் நிலைமை வேறு. அங்கே நீங்கள் பெறுவது பொருளை அன்று. அதைப் பயன்படுத்தும் இசைவை மட்டுமே. எத்தனை பேர், எந்தக் கணினியில், எந்த நாட்டில், எவ்வளவு காலம் என்பனவெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும்.

அந்த இசைவு பொதுவாக மூன்று வகைப்படும். ஒரு குறிப்பிட்ட கணினியோடு பிணைக்கப்பட்டது ஒன்று. அக்கணினியின் முன் யார் அமர்ந்தாலும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் வேறு கணினியில் அது திறக்காது. ஒரு குறிப்பிட்ட ஆளோடு பிணைக்கப்பட்டது இரண்டாவது. அவர் தம் பெயரில் உள்நுழைந்தால் மட்டுமே அது இயங்கும். மூன்றாவது வகை எந்தக் கணினியோடும் எந்த ஆளோடும் பிணைக்கப்படாதது. அலுவலகத்தின் பொது இருப்பில் அது இருக்கும். வேண்டுபவர் எடுத்துக்கொள்வார், பணி முடிந்ததும் அது இருப்புக்குத் திரும்பும், அடுத்தவர் எடுப்பார். இன்றைய உரை இந்த மூன்றாவது வகையைப் பற்றியது.

கணக்கிடப்படுவது, மென்பொருள் எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டுள்ளது என்பதன்று. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்பதே கணக்கு. 40 கணினிகளில் நிறுவி வைத்திருக்கலாம். உரிமம் 16 என்றால், ஒரு நொடியில் 16 பேருக்கே அது திறக்கும். பதினேழாமவர் மறுக்கப்படுவார்.

பெயர் சூட்டல்

ஆங்கிலத்தில் இதனை மிதக்கும் உரிமம் என்னும் பொருளில் வழங்குகின்றனர். தமிழிலும் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘மிதக்கும் உரிமம்’ என்றும் ‘மிதவை உரிமம்’ என்றும் எழுதலாம். ஆனால் தமிழில் மிதப்பது என்றால், பிடிப்பின்றி அலைவது என்னும் எண்ணமே முதலில் எழுகிறது. எடுப்பதும் திருப்புவதும் அச்சொல்லில் இல்லை.

நம்மிடம் இதற்கு நெருங்கிய ஒரு சொல் முன்பே புழங்குகிறது. பள்ளிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டியில் வென்ற பள்ளிக்குச் சுழற்கோப்பை வழங்குகிறோம். அது ஓராண்டுக்கு அப்பள்ளியின் கண்ணாடிப் பேழையில் இருக்கும். மறு ஆண்டு திரும்ப வரும். வேறு பள்ளிக்குச் செல்லும். கூட்டுறவு அமைப்புகள் சுழல்நிதி வைத்திருக்கின்றன. கடனாகப் போகும் பணம் திரும்பி வந்தால்தான் அடுத்தவருக்குக் கடன் கிடைக்கும். திரும்பி வருதல் என்னும் கடமை ‘சுழல்’ என்னும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எனவே ‘சுழல் உரிமம்’ என்று வழங்குவது தகும் என்பது என் கருத்து.

இச்சொல்லிலும் ஒரு குறை உண்டு. சுழற்சி என்றால் முறை வைத்து ஒருவர்பின் ஒருவராகப் பெறுவது என்று சிலர் கருதக்கூடும். இங்கே அத்தகைய வரிசை கிடையாது, முந்தியவருக்கே கிடைக்கும். அக்குறையை அறிந்துகொண்டே இச்சொல்லை இவ்வுரையில் ஆள்கிறேன்.

இயங்கும் விதம்

சுழல் உரிமத்தை நிருவகிப்பதற்கென்று அலுவலகத்தில் ஒரு கணினி இருக்கும். அதனை உரிம வழங்கி எனலாம். அதில் ஒரு நிரல் பின்னணியில் இடைவிடாது இயங்கிக்கொண்டிருக்கும். இத்துறையில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ள நிரல் ஃபிளெக்ஸ்எல்எம். அது 1988ஆம் ஆண்டில் தோன்றியது. பின்னர்ப் பல நிறுவனங்களின் கைமாறிப் பெயரும் மாறியது. ஆயினும் அதன் அடிப்படை முறை மாறவில்லை.

உரிம வழங்கியில் உரிமக் கோப்பு என்று ஒன்று இருக்கும். அது எவரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு. வழங்கியின் பெயர், அதன் வலையமைப்பு அட்டையின் அடையாள எண், மென்பொருளின் பெயர், உரிமங்களின் எண்ணிக்கை, முடிவடையும் நாள் ஆகியன அதில் எழுதப்பட்டிருக்கும். இறுதியில் எண்களும் எழுத்துகளும் கலந்த மின் ஒப்பம் ஒன்று இருக்கும். 16 என்பதை 60 என்று யாரேனும் திருத்தினால், ஒப்பமும் வரியும் பொருந்தாமல் போகும். வழங்கி அவ்வரியை ஏற்காது. படிக்கலாம், மாற்ற முடியாது என்பது இதன் சிறப்பு.

வடிவமைப்பாளர் தம் கணினியில் மென்பொருளைத் திறக்கிறார். திறந்தவுடன் அது வலையமைப்பின் வழியே வழங்கியிடம் ஓர் உரிமம் கேட்கிறது. இருப்பு இருந்தால் வழங்கி ஒன்றைத் தந்து, தன் கணக்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறது. பணி நடக்கும்போது இரு கணினிகளுக்கும் இடையே ‘இருக்கிறாயா, இருக்கிறேன்’ என்பது போன்ற சிறு செய்தி அவ்வப்போது பரிமாறப்படுகிறது. மென்பொருளை மூடியதும் உரிமம் இருப்புக்குத் திரும்புகிறது. கணினி திடீரென நின்றுபோனால் அந்தச் சிறு செய்தி நின்றுவிடும். அதைக் கொண்டு, எடுத்தவர் இல்லை என்பதை வழங்கி உணர்ந்து உரிமத்தை மீட்டுக்கொள்ளும். ஆனால் மீட்பு உடனே நிகழாது. அதற்குச் சிறிது நேரம் செல்லும்.

ஒவ்வோர் எடுப்பும் திருப்பலும் மறுப்பும் ஒரு பதிவேட்டில் வரிவரியாக எழுதப்படும். நேரம், பயனரின் பெயர், கணினியின் பெயர் மூன்றும் அதில் இருக்கும். இப்பதிவேட்டைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்வேன். இவ்வுரையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அலுவலகத்திற்கு வெளியே, கட்டுமானத் தளத்தில் பணிபுரிபவர் வலையமைப்போடு இணைந்திருக்க இயலாது. அவருக்காக இரவல் முறை உண்டு. குறிப்பிட்ட நாள்களுக்கு ஓர் உரிமத்தை அவர் தம் மடிக்கணினியில் எடுத்துச் செல்லலாம். தவணை முடிந்ததும் அது தானே இருப்பில் சேரும். பணி முன்பே முடிந்தால் முன்பே திருப்பவும் செய்யலாம். நூலகத்தில் எடுத்த நூலைக் கெடு நாளுக்கு முன் திருப்புவதைப் போன்றது இது.

வழங்கி ஒன்றே இருந்து அது பழுதுபட்டால் அலுவலகம் முழுவதும் நின்றுவிடும். அதனால் பெரிய நிறுவனங்கள் மூன்று வழங்கிகளை இணைத்து வைப்பதுண்டு. மூன்றில் எவையேனும் இரண்டு இயங்கிக்கொண்டிருந்தால் உரிமம் வழங்கப்படும். ஏன் இரண்டு வேண்டும்? ஒன்று மட்டும் போதுமென்றால், தொடர்பு அறுந்த நிலையில் ஒவ்வொன்றும் தனித்தனியே 16 உரிமங்களை வழங்கத் தொடங்கிவிடும். பெரும்பான்மை இருந்தால்தான் கணக்கு ஒன்றாக இருக்கும்.

எத்தனை உரிமம் வேண்டும்?

சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு முதல், 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள புதிய கட்டடத் திட்டங்களைக் கட்டடத் தகவல் மாதிரி வடிவில் மின்வழியே கட்டட, கட்டுமான ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்னும் நடைமுறை வந்தது. அதற்குரிய மென்பொருள்கள் விலை மிக்கவை. சிறிய அலுவலகமும் அவற்றை வாங்கியாக வேண்டும். ஆளுக்கொன்று வாங்கினால் செலவு தாங்காது. குறைவாக வாங்கினால் வேலை தடைபடும். எத்தனை என்பதே பெரிய வினா.

இவ்வினாவுக்கான விடையை, கணினி பிறப்பதற்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். டென்மார்க்கைச் சேர்ந்த அக்னெர் எர்லாங் என்னும் கணித அறிஞர் அவர். 1878இல் பிறந்து 1929இல் மறைந்தவர். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றினார். ஊரில் ஆயிரக்கணக்கானோர் தொலைபேசி வைத்திருப்பர். ஆனால் அனைவரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. அப்படியானால் எத்தனை இணைப்புகள் போதும்? 1909இல் இது பற்றிய தம் முதல் கட்டுரையையும், 1917இல் புகழ்பெற்ற சூத்திரத்தையும் அவர் வெளியிட்டார். தொலைபேசிச் சுமையை அளக்கும் அலகுக்கே இன்று அவர் பெயர் வழங்குகிறது.

தொலைபேசி இணைப்புக்கும் சுழல் உரிமத்துக்கும் கணக்கு ஒன்றே. ஓர் அலுவலகத்தில் 40 வடிவமைப்பாளர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் தம் வேலை நேரத்தில் கால் பங்கு நேரம் அம்மென்பொருளைத் திறந்து வைத்திருக்கிறார். அப்படியானால் சராசரியாக ஒரு நேரத்தில் 10 பேர் பயன்படுத்துவர். சராசரி 10 என்பதால் 10 உரிமங்கள் வாங்கினால் போதும் என்று மேலாளர் முடிவு செய்கிறார்.

எர்லாங்கின் சூத்திரம் சொல்வது வேறு. 10 உரிமங்கள் இருந்தால், 100 முயற்சிகளில் 21 மறுக்கப்படும். 15 உரிமங்கள் இருந்தால் மறுப்பு ஏறத்தாழ 4 ஆகக் குறையும். 16 என்றால் 2. 18 என்றால் ஒன்றுக்கும் கீழே. அதாவது, 40 பேருக்கு 10 போதாது; 40உம் தேவையில்லை; 18 இருந்தால் மறுப்பு அரிதாகிவிடும். சராசரியைக் கொண்டு வாங்குபவர், ஐந்தில் ஒரு முயற்சியைத் தோல்வியடையச் செய்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

இச்சூத்திரம் சில எடுகோள்களின்மேல் நிற்கிறது. பயனர் மிகப் பலர் என்றும், ஒருவர் வருகைக்கும் மற்றவர் வருகைக்கும் தொடர்பில்லை என்றும் அது கொள்கிறது. 40 பேர் மட்டுமே உள்ள இடத்தில் உண்மை நிலை சற்று நன்றாக இருக்கலாம். காலை ஒன்பது மணிக்கு அனைவரும் ஒருசேரத் திறக்கும் அலுவலகத்தில் அது மிக மோசமாகலாம். ஆகவே சூத்திரத்தைத் தொடக்கமாகக் கொண்டு, பதிவேட்டைக் கொண்டு திருத்திக்கொள்வதே முறை.

ஒதுக்கீடும் பந்தியும்

கோயில் அன்னதானத்தில் பந்தி பரிமாறுவதைக் கண்டிருப்பீர்கள். ஒரு பந்தியில் நூறு பேர் அமரலாம். வந்திருப்போர் ஐந்நூறு பேர். உண்டவர் எழுந்தால்தான் அடுத்தவர் அமர முடியும். அங்கே யாரும் தம் உறவினருக்கென்று பத்து இலைகளை மடித்து வைப்பதில்லை. வைத்தால் என்ன ஆகும்? உறவினர் வராத நேரத்தில் இலை காலியாக இருக்கும், பசித்தவர் நின்றுகொண்டிருப்பார்.

சுழல் உரிமத்தில் இப்படி ஒதுக்கி வைக்க வசதி உண்டு. குறிப்பிட்ட குழுவுக்கு இத்தனை என்று வழங்கிக்குக் கட்டளையிடலாம். கட்டமைப்புப் பிரிவும் உள்ளரங்கப் பிரிவும் அடிக்கடி சண்டையிடுகின்றன என்பதற்காக, 16 உரிமங்களை எட்டு எட்டாகப் பிரித்துத் தருகிறார் மேலாளர். பார்ப்பதற்கு நியாயமான பங்கீடு. கணக்கிட்டால் என்ன தெரிகிறது?

பிரிக்காமல் 16ஐயும் பொதுவில் வைத்தால், 100 முயற்சிகளில் மறுக்கப்படுபவை 2. எட்டு எட்டாகப் பிரித்தால், இரு பிரிவுகளிலும் 100க்கு 7 மறுக்கப்படும். உரிமம் ஒன்றும் குறையவில்லை; ஆட்களும் கூடவில்லை. வேலி ஒன்று இட்டதால் மட்டும் மறுப்பு மூன்று மடங்காகிவிட்டது. ஒரு பிரிவில் கூட்டம் மிகும்போது மறு பிரிவில் காலியாக இருப்பது அடுத்தவருக்கு உதவாமற்போவதே காரணம்.

ஒதுக்கீடு முற்றிலும் கூடாது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய திட்டத்தில் பணிபுரிபவருக்கு இரண்டு உரிமங்களை ஒரு வாரத்திற்கு ஒதுக்குவது நியாயமே. அந்த வாரம் கழிந்ததும் ஒதுக்கீட்டை நீக்க வேண்டும். நீக்க மறந்த ஒதுக்கீடுகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பதுண்டு. எதற்காக ஒதுக்கப்பட்டது என்பதை அறிந்தவர் வேலையை விட்டுச் சென்றிருப்பார். உரிமம் மட்டும் பூட்டியே கிடக்கும்.

யாருக்கு மறுக்கப்படுகிறது?

‘பந்திக்கு முந்து’ என்னும் பழமொழியை அறிந்தவர்போல், மூத்த வடிவமைப்பாளர் சிலர் காலையில் வந்தவுடன் மென்பொருளைத் திறந்து வைத்துவிடுவர். பிறகு கூட்டத்திற்குச் செல்வர். மதிய உணவுக்குச் செல்வர். மாலைவரை அதை மூடுவதில்லை. மூடினால் மீண்டும் கிடைக்குமோ என்னும் அச்சமே காரணம். அவர்களைப் பேராசைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். பற்றாக்குறை உள்ள இடத்தில் பதுக்கல் தோன்றுவது இயல்பு. பதுக்கல் பற்றாக்குறையை மேலும் பெருக்குவதும் இயல்பு.

இந்நிலையில் மறுக்கப்படுபவர் யார்? வேலைநேரம் தமக்கு உறுதியில்லாதவர்; ஒரு வேலையை முடித்துவிட்டு மறுவேலைக்காகப் பதினோரு மணிக்கு மென்பொருளைத் திறக்க வருபவர்; பகுதிநேரப் பணியாளர்; தொழிற்பயிற்சி மாணவர். மூத்தவரிடம் சென்று, ‘ஐயா, நீங்கள் பயன்படுத்தவில்லையென்றால் மூடிவிட முடியுமா?’ என்று கேட்க அம்மாணவருக்கு வாய் வராது. அவர் காத்திருப்பார். மூன்று மாதப் பயிற்சி முடிந்தபின், ‘இப்பிள்ளை வேலையில் வேகம் போதாது’ என்று மதிப்பீட்டில் எழுதப்படக்கூடும். வேகம் குறைந்தது பிள்ளையிடமா, உரிமத்திலா என்பதை யாரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

எண்ணிப் பார்க்க வழி இருக்கிறது என்பதுதான் என் வாதம். பதிவேட்டில் மறுப்பு வரிகள் இருக்கின்றன. மேலாளர்கள் பெரும்பாலும் உச்சப் பயன்பாட்டை மட்டும் பார்க்கின்றனர்; 16இல் 16உம் பயன்பட்டன என்றால் பணம் வீணாகவில்லை என்று மகிழ்கின்றனர். மறுப்பு வரிகளைப் படிப்பவர் குறைவு. அவற்றைப் படிக்கும்போது கவனமும் வேண்டும். ஒருவர் பொறுமையிழந்து ஐந்து முறை முயன்றால் ஐந்து வரிகள் பதிவாகும். அது ஐந்து பேரின் துன்பமன்று, ஒருவரின் துன்பம். சில நிமிட இடைவெளிக்குள் ஒரே பெயரில் வருபவற்றை ஒன்றாகக் கொண்டே எண்ண வேண்டும். அப்படி எண்ணியபின், எந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள். பகிர்வு நியாயமாக நடக்கிறதா என்பதை அப்பெயர்கள் சொல்லிவிடும்.

மருந்தும் எளியதே. நீண்ட நேரம் தொடப்படாத மென்பொருளிடமிருந்து உரிமத்தை வழங்கி மீட்டுக்கொள்ளும்படி கால வரம்பு விதிக்கலாம். அது செய்த வேலையை அழிக்காது. திரும்பி வந்து தொடர்பவருக்கு உரிமம் மீண்டும் கோரப்படும், இருந்தால் கிடைக்கும். ஆனால் அந்த வரம்பு எவ்வளவு என்பதை அனைவரிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் பறித்தால் பதுக்கல் புதிய வழிகளைத் தேடும்.

எல்லைகள்

பகிரலாம் என்பதால் எல்லையின்றிப் பகிரலாம் என்று பொருளில்லை. பல ஒப்பந்தங்கள் நாட்டெல்லையைக் குறிப்பிடுகின்றன. சிங்கப்பூர் அலுவலகத்தின் உரிமத்தை ஜொகூர் பாருவிலுள்ள கிளை பயன்படுத்த வலையமைப்பு இடம் கொடுக்கலாம். ஒப்பந்தம் இடம் கொடுக்காமல் இருக்கலாம். தொழில்நுட்பம் முடியும் என்று சொல்வதெல்லாம் முறையானதாகிவிடாது.

ஆளுக்கு உரிய உரிமத்தின் கடவுச்சொல்லை மூவர் பகிர்ந்துகொள்வதும் சுழல் உரிமம் ஆகாது. அது ஒப்பந்த மீறல். பூட்டு உடைத்த படிகளைப் பயன்படுத்துவது அதைவிடப் பெரிய மீறல். மாணவர்களிடம் இதனைச் சொல்லும்போது, தண்டனையைக் காட்டி அச்சுறுத்துவதோடு நிறுத்திவிடுகிறோம். நிரல் ஓர் இலக்கியப் படைப்பு என்னும் சட்டக் கருத்தை எடுத்துச் சொன்னால், ஒருவர் கட்டுரையைத் திருடித் தம் பெயரில் ஒப்படைப்பது தவறு என்று அறிந்த மாணவர், இதையும் எளிதில் உணர்வார்.

மாறிவரும் காலம்

சுழல் உரிமத்திற்கே இன்று இடம் சுருங்கி வருகிறது. ஆட்டோகேட் மென்பொருளை வெளியிடும் ஆட்டோடெஸ்க் நிறுவனம், பலர் பகிரும் சந்தாக்களை நிறுத்தி, ஆளுக்கு உரிய சந்தாவுக்கு மாறப்போவதாக 2020இல் அறிவித்தது. பகிரும் சந்தா ஒன்றைக் கொடுத்தால், ஏறத்தாழ அதே செலவில் ஆளுக்கு உரிய சந்தா இரண்டு தரப்படும் என்றது. நம் எடுத்துக்காட்டிலுள்ள அலுவலகத்தை நினைவுகூருங்கள். அதன் 16 உரிமங்கள் 32 ஆகும். பணிபுரிவோர் 40 பேர். எட்டுப் பேர் வெளியே நிற்பர். முன்பு அந்த எட்டுப் பேருக்குச் சில நேரம் கிடைக்காமற்போனது. இனி எந்நேரமும் கிடைக்காது. அவர்களுக்காகத் தனியே பணம் செலுத்த வேண்டும். எப்போதேனும் பயன்படுத்துவோருக்கு நாள்கணக்கில் கட்டணம் செலுத்தும் வழியும் பின்னர் வந்தது.

நிறுவனத்தின் பக்கமும் காரணங்கள் உண்டு. யார் பயன்படுத்துகிறார் என்பது தெரிந்தால் பாதுகாப்பு கூடும். வழங்கியைப் பேணும் வேலை மிச்சமாகும். வேறு பல பொறியியல் மென்பொருள்கள் இன்றும் சுழல் உரிமத்தைத் தருகின்றன. எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. நாள் முழுவதும் அதிலேயே உழைப்பவருக்கு ஆளுக்கு உரிய உரிமம் பொருந்தும். இடையிடையே தொடும் பலருக்குச் சுழல் உரிமம் பொருந்தும். இதையும் பதிவேடே சொல்லும்.

எண்ணவே வேண்டாத மூன்றாவது வழியும் இருக்கிறது. பிளெண்டர் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள், 2002இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கட்டற்ற மென்பொருளாக விடுவிக்கப்பட்டது. அதை எத்தனை கணினிகளிலும் எத்தனை பேரும் பயன்படுத்தலாம். இங்க்ஸ்கேப், ஃபிரீகேட் போன்றவையும் அத்தகையவை. எல்லா அலுவலகப் பணிக்கும் அவை ஈடாகா. ஆயினும் பள்ளியிலும் வீட்டிலும் பழகுவதற்கு ஏற்றவை. உரிமம் கிடைக்காத மாணவர் கற்பதை நிறுத்த வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களே, இப்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. முப்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் எட்டு வண்ணப் பேனாக்களைப் பொது மேசையில் வையுங்கள். எடுப்பவர் பெயரையும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். திருப்பும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். கேட்டுக் கிடைக்காதவரும் தம் பெயரைத் தனிப் பட்டியலில் எழுதட்டும். ஒரு பாடவேளை முடிந்ததும் அந்த மூன்றாவது பட்டியலை மாணவர்களே படிக்கட்டும். யார் பெயர் அதில் மிகுதியாக இருக்கிறது, ஏன் என்று தமிழில் விவாதிக்கட்டும். மறுநாள் பேனாக்களை நான்கு நான்காகப் பிரித்து இரு குழுக்களுக்குக் கொடுத்து, பட்டியல் நீள்கிறதா என்று பாருங்கள். கணிதம், ஒழுக்கம், மொழி மூன்றும் ஒரே மேசையில் அமரும்.

அவ்விவாதத்திற்கு வேண்டிய சொற்கள் புதியவை அல்ல: இருப்பு, எடுப்பு, திருப்பல், இரவல், தவணை, ஒதுக்கீடு, மறுப்பு, பதிவேடு. இவை அனைத்தும் நூலகத்திலும் கடையிலும் வீட்டிலும் நாம் ஆண்டு வந்தவை. கணினித் துறைக்குத் தமிழ் போதாது என்று எண்ணும் மாணவரிடம் இந்த எட்டுச் சொற்களைக் கொடுத்து, உரிம வழங்கியின் ஒரு நாள் வேலையை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதிவிடுவார்.

மாணவச் செல்வங்களே, நாளை ஓர் அலுவலகத்தில் அம்மறுப்புச் செய்தி உங்கள் திரையில் தோன்றினால் தயங்க வேண்டாம். எத்தனை மணிக்கு, எந்த மென்பொருளுக்கு மறுக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரக் குறிப்பை உங்கள் மேற்பார்வையாளரிடம் பணிவோடு காட்டுங்கள். அது குறை கூறல் ஆகாது, கணக்குக் காட்டல். நீங்கள் மூத்தவராகும் நாளில், உணவுக்கு எழும்போது மென்பொருளை மூடிவிட்டு எழுங்கள். அப்போது வழங்கியின் கணக்கில் ஓர் எண் கூடும். எங்கோ ஒரு மேசையில் காத்திருப்பவருக்கு வேலை தொடங்கும்.